பிராக் நகரில் கிறிஸ்துமஸ்: பத்தொன்பது இடங்களும் அம்மாவின் ஒரே இடமும்

மலைக்கோட்டை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு டிசம்பர் குளிரில் ஐரோப்பிய நகரம் பார்க்கப் போகலாமா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் போய்வந்த கதையை எழுதுகிறேன்.

நாங்கள் பெர்லினில் வசிக்கிறோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. டிசம்பர் 22 ஞாயிறு முதல் 27 வெள்ளி வரை செக் நாட்டுத் தலைநகர் பிராகில் இருந்தோம்.

ஏன் பிராக் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் திருச்சி வீட்டில் சமையலறைக் கதவுக்கு மேலே குழந்தை இயேசு படம் ஒன்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்குகிறது. தலையில் பெரிய கிரீடம், மணி போல் விரிந்த அங்கி, ஆசி கூறும் வலக்கை, இடக்கையில் உலக உருண்டை. வியாழக்கிழமைதோறும் அம்மா அதன் முன்னால் நவநாள் செபம் சொல்வார். 'பிராகா குழந்தை இயேசு' என்ற பெயரில் உள்ள பிராகா ஓர் ஊர் என்பதோ, படத்தில் உள்ள அந்தச் சுரூபம், அதாவது சிலை, இன்றும் அங்கே இருக்கிறது என்பதோ அம்மாவுக்குத் தெரியாது. பெர்லினிலிருந்து ரயிலில் நான்கரை மணி நேரம்கூட ஆகாது என்று சொன்னபோது, மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டார்.

நான் பார்க்கவேண்டிய இடங்கள் என்று பத்தொன்பது எழுதி வைத்திருந்தேன். அம்மா வைத்திருந்தது ஒன்று. கடைசியில் என் பட்டியலில் ஒன்பதைத்தான் பார்த்தோம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் நாங்கள் போன பயணங்களில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

டிரெஸ்டன் தாண்டியதும் ரயில் எல்பே ஆற்றங்கரையை ஒட்டியே போகிறது. இரு பக்கமும் மணற்பாறைக் குன்றுகள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

வினோஹ்ராடி பகுதியில் சமையலறையோடு கூடிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். காரணம் 22ஆம் எண் டிராம். அது அங்கிருந்து கிளம்பி, தேசிய நாடக அரங்கைக் கடந்து, ஆற்றைத் தாண்டி, மாலா ஸ்ட்ரானா பகுதி வழியாக மேலே ஏறி அரண்மனைக்குப் பக்கத்திலேயே விடுகிறது. முழங்கால் வலிக்காரர்களை மலை ஏற்றாமல் அரண்மனைக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி கிடையாது. 72 மணி நேர டிக்கெட் வாங்கி முதல் பயணத்தில் ஒரு முறை முத்திரை குத்திக்கொண்டால் போதும்.

அதே 22ஆம் எண் டிராம் ஹெலிஹோவா என்ற நிறுத்தத்தைத் தாண்டுகிறது. குழந்தை இயேசு ஆலயம் அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 23ஆம் தேதி காலை அரண்மனைக்குப் போகும்போது "அம்மா, இதுதான் கோயில், இறங்கலாமா?" என்று கேட்டேன். அம்மா ஜன்னல் வழியே பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "இன்று திங்கள்தானே. வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே எங்கள் முழுத் திட்டமும் 26ஆம் தேதி வியாழக்கிழமையைச் சுற்றி அமைந்தது. மீதியைப் பிறகு எழுதுகிறேன், மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும்.

வெண்ணாறு எழுதியது:

அண்ணா, சரியான நேரத்தில் எழுதினீர்கள். அடுத்த டிசம்பரில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போக நினைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சென்ற மாதம்தான் இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்தது. கடைகள், சாப்பாடு, குளிர் எல்லாவற்றையும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

ஊர்சுற்றி எழுதியது:

மலைக்கோட்டை அவர்களே, உங்கள் அம்மாவின் பக்தியை மதிக்கிறேன். ஆனால் மற்றவர்கள் உங்களைப் பார்த்து இதே போல் திட்டமிடக் கூடாது என்பதால் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். டிசம்பர் கடைசியில் பிராகில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடுகிறது. பகல் எட்டு மணி நேரம். அதில் 24 பிற்பகலிலிருந்து கடைகள் மூடல், டிராம்கள் குறைவு, அன்றிரவு வீண்தான். வீட்டு வாடகையோ இரட்டிப்பு. கிறிஸ்துமஸ் சந்தையில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். மே மாதம் போனால் இரவு எட்டரை வரை வெளிச்சம், பாதிச் செலவு. ஆறு நாளில் ஒன்பது இடம் என்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

மலைக்கோட்டை எழுதியது:

ஊர்சுற்றி அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரிதான். பகல் குறைவுதான். அதனாலேயே ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சிறிய இடம் என்று முடிவு செய்துகொண்டோம். வெண்ணாறு கேட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

22 மாலை சார்லஸ் பாலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அந்தி சாயும் நேரத்தில் பழங்கால உடையணிந்த ஒருவர் நீளமான கோலை எடுத்துக்கொண்டு பாலத்து எரிவாயு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவார். பிள்ளைகள் அவர் பின்னாலேயே பாலத்தின் பாதி வரை நடந்தார்கள். பாலம் 516 மீட்டர் நீளம், பதினாறு வளைவுகள், முப்பது சிலைத் தொகுதிகள். மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் நாட்டினார். சோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரம் 9ஆம் நாள், 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம் என்கிறார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்று வரிசையாக எழுதினால் 135797531. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. மகள் தன் நோட்டில் உடனே எழுதிக்கொண்டாள். நல்ல முகூர்த்தம் பார்க்கும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று அம்மா திருப்திப்பட்டார்.

பாலத்தில் ஓரிடத்தில் எல்லோரும் நின்று தொட்டுத் தொட்டு வெண்கலம் பொன்னாக மின்னுகிறது. யான் நெபோமுக் என்ற குருவை 1393இல் அரசன் ஆணைப்படி ஆற்றில் எறிந்து கொன்றார்கள். 1683இல் வைத்த அவருடைய சிலைதான் பாலத்திலேயே பழையது. அதன் அடிப்பலகையைத்தான் தொடுகிறார்கள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள் என்று மனைவி சொன்னாள். பனியில் அந்த உலோகம் சுட்டது போல் இருந்தது.

23 அரண்மனை. நுழையும் இடத்தில் பாதுகாப்புச் சோதனை உண்டு, வரிசைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே புனித வீட்டுஸ் பேராலயம் ஒன்றே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. 1344இல் தொடங்கிய கட்டுமானம் 1929இல்தான் முடிந்திருக்கிறது. "ஏறக்குறைய அறுநூறு வருடம் கட்டினார்களா? தொடங்கியவர் முகத்தை முடித்தவர்களுக்குத் தெரியாதே" என்றாள் மகள். பொன்தெருவில் 22ஆம் எண் கொண்ட நீலநிறக் குட்டி வீட்டில் எழுத்தாளர் காஃப்கா சில மாதங்கள் எழுதினார் என்பதால் எனக்கு அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எங்களை அனுப்பினார்.

சாப்பாடு, கடைகள். இது முக்கியம். 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் 24ஆம் தேதி நண்பகலோடு மூட வேண்டும், 25, 26 இரண்டு நாளும் திறக்கக் கூடாது என்று அங்கே 2016 முதல் சட்டமே இருக்கிறது. எனவே 23ஆம் தேதியே அரிசி, பால், காய்கறி வாங்கி வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் தெருமுனைச் சிறு கடைகள்தான் கதி. அவற்றில் பல வியட்நாமியக் குடும்பங்கள் நடத்துபவை. பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அங்கேதான் கிடைத்தன.

பணம். அங்கே யூரோ கிடையாது, கொருனா. பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் 'கட்டணம் இல்லை' என்று எழுதிப் போட்டிருந்த ஒரு கடையில் 200 யூரோ மாற்றினேன். கட்டணம் இல்லைதான், ஆனால் கொடுத்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெரிய எழுத்தில் எழுதியிருந்தது அவர்கள் யூரோவை விற்கும் விலை, நம்மிடமிருந்து வாங்கும் விலை இல்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

யாழ்ப்பறவை எழுதியது:

அண்ணா, அந்த நாட்டில் நாணய மாற்றுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2019 ஏப்ரலில் இருந்து, 1,000 யூரோ வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திருப்பிக் கொடுத்தால் அவர்கள் பழைய விலையிலேயே திரும்பப் பெற வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ரசீதைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

நான் சூரிச்சில் இருந்து இரண்டு முறை நத்தாருக்குப் பிராக் போயிருக்கிறேன். ஊர்சுற்றி அவர்களைப் போல் நானும் ஒரு விடயத்தில் எச்சரிக்கிறேன். நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பிராகின் கருங்கல் பாவிய தெருக்கள் சோதனைதான். வியன்னா சமதளம், அவர்களுக்கு இலகு. ஆனால் 24 இரவை வீண் என்று சொன்னதை ஏற்கமாட்டேன்.

மலைக்கோட்டை எழுதியது:

மூன்று மணி நேர விதி எனக்குத் தெரியாமல் போயிற்றே! நன்றி தங்கச்சி.

24ஆம் தேதி பற்றித்தான் எழுத வந்தேன். டிசம்பர் 20 வாக்கில் பிராகின் தெருமுனைகளில் பெரிய பெரிய தண்ணீர்த் தொட்டிகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. உள்ளே உயிருள்ள கெண்டை மீன்கள். அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாடு என்றால் வறுத்த கெண்டையும் உருளைக்கிழங்கு சாலட்டும்தான். தெற்கே ட்ரெபோன் பகுதியில் மன்னர் காலத்திலேயே வெட்டிய ஏரிகளில் வளர்க்கிறார்கள். அவற்றில் பெரியதான ரோஷம்பெர்க் ஏரி 1584க்கும் 1590க்கும் இடையில் வெட்டப்பட்டது. இலையுதிர்காலத்தில் நீரை வடித்துவிட்டு வலை இழுத்து மீன் பிடிப்பார்கள்.

23 மாலை எங்கள் தெருமுனையில் வரிசையில் நின்றோம். ரப்பர் அங்கி அணிந்த விற்பனையாளர் சல்லடை வலையால் மீனை அள்ளித் தராசில் போடுகிறார். உயிரோடு வேண்டுமா, அடித்துத் தர வேண்டுமா என்று சைகையால் கேட்கிறார். எங்களுக்கு முன்னால் நின்றவர் உயிரோடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டால் பிள்ளைகள் ஒரு நாள் விளையாடுவார்களாம். எங்கள் முறை வந்தபோது, தராசில் கிடந்த மீனின் செவுளை அம்மா ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மீன், வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி எங்கள் எல்லோர் மேலும் தண்ணீரைத் தெளித்தது. விற்பனையாளர் சிரித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காந்தி மார்க்கெட்டில் நாற்பது வருடம் மீன் வாங்கிய விரல் அது. மொழி தேவைப்படவில்லை. தலையை எறிந்துவிடாதே என்பதை மட்டும் அம்மா தன் தலையைத் தொட்டுக் காட்டிப் புரியவைத்தார்.

மறுநாள் மதியம் வரை நகரம் பரபரப்பாக இருந்தது. நான்கு மணிக்கு மேல் ஒரு திரை விழுந்தது போல் தெரு அடங்கியது. ஐந்து மணிக்கு நானும் மகளும் எதிர்த்த பூங்கா வரை நடந்தோம். காரும் இல்லை, ஆளும் இல்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்கு. திறந்திருந்த ஒரு மேல்மாடி ஜன்னல் வழியாகத் தட்டுகள் உரசும் சத்தமும் பொரிக்கும் வாசனையும் வந்தன. அண்ணா, இதை மே மாதத்தில் எங்கே பார்ப்பீர்கள்?

நாங்கள் திரும்பியபோது வீட்டில் புளி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா பெட்டியில் புளியும் மிளகாய்த்தூளும் கொண்டு வந்திருந்தார். கெண்டையில் ஒய் எழுத்து வடிவ முட்கள் நிறைய உண்டு. மகனுக்கு முள் குத்திவிடும் என்று பயந்து மனைவி தயங்கினாள். அம்மா ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவித் தடவி முள் எடுத்து ஊட்டினார். அவன் அன்று பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்தான். காரணம் வீட்டுக்காரப் பெண்மணி. கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாடு வரை பட்டினி இருந்தால் சுவரில் தங்கப் பன்றிக்குட்டி தெரியும் என்பது செக் நம்பிக்கை. அவர் மாலையில் கீழே வந்து, மெழுகுவத்திக்கு முன்னால் சிறு கண்ணாடியைப் பிடித்துச் சுவரில் ஒளி ஓடவிட்டார். அவன் பார்த்துவிட்டேன் என்று இன்றும் சாதிக்கிறான்.

அவர் ஒரு தட்டில் பிறை வடிவ வனிலா பிஸ்கட் கொண்டுவந்தார். அம்மா திருச்சியிலிருந்து கொண்டுவந்த அச்சுமுறுக்கை அதே தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது அங்கேயும் செல்லும் போலிருக்கிறது. கெண்டைச் செதில் ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்கக் காசு தங்கும் என்று அவர் சொன்னதால், கழுவிக் காயவைத்த செதில் ஒன்று இன்றும் என் பர்ஸில் இருக்கிறது.

அவர் சொன்ன இன்னொரு செய்திதான் அம்மாவை உருக்கிவிட்டது. அந்த நாட்டில் பரிசு கொண்டுவருவது சிவப்பு உடைத் தாத்தா இல்லை. யெஜீஷெக், அதாவது குட்டி இயேசு. அவரை யாரும் பார்க்க முடியாது. சாப்பாடு முடிந்ததும் ஒரு மணியோசை கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தடியில் பரிசுகள் இருக்கும். "அப்படியானால் இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் அவர்தான் வருகிறாரா?" என்று அம்மா கேட்டார். மனைவி மொழிபெயர்த்தாள். அந்தப் பெண்மணி, தான் கோயிலுக்குப் போகும் வழக்கம் இல்லாதவர் என்றும், ஆனால் மணியை மட்டும் விட்டதில்லை என்றும் சொன்னார்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு வீட்டுக்குப் பக்கத்துத் தேவாலயத்துக்குப் போனோம். யாகூப் யான் ரிபா என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர் 1796இல் செக் மொழியில் அமைத்த கிறிஸ்துமஸ் திருப்பலி இசையைப் பாடினார்கள். ஓர் இடையன் தன் எஜமானை எழுப்பி, வானத்தில் நடக்கும் அதிசயத்தைப் பார் என்று சொல்வதாகத் தொடங்குகிறது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. எந்த இடத்தில் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் செக் மொழியில் சொல்ல, அம்மா உரக்கவே "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்றார். முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து அம்மாவுக்குத் தூணோரம் இடம் கொடுத்தார்.

ஊர்சுற்றி எழுதியது:

இந்தப் பதிவைப் படித்த பிறகு 24 இரவு பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நான் அந்த இரவில் ஓட்டல் அறையில் தனியாக இருந்தவன். அந்த வெற்றுத் தெரு எனக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. சந்தையைப் பற்றிச் சொன்னது மட்டும் அப்படியே நிற்கட்டும். அங்கே 'பழைமையான செக் இனிப்பு' என்று எங்கு பார்த்தாலும் உருளையில் சுற்றிச் சுடும் ட்ர்டெல்னீக், உண்மையில் சுலோவாக்கியாவின் ஸ்காலிட்சா ஊரோடு சேர்ந்த பண்டம். பிராகில் பரவியது அண்மைக் காலத்தில்தான்.

பஞ்சாங்கம் எழுதியது:

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். மலைக்கோட்டை தம்பி, பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் மீனுக்குப் போய்விட்டீர்களே! 1410இல் செய்தது. ராசி வட்டம் இருக்கிற கடிகாரம். நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆயுள் முழுக்க ஆசை.

மலைக்கோட்டை எழுதியது:

மன்னியுங்கள் ஐயா. 25 காலை பார்த்தோம். காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை ஒவ்வொரு மணிக்கும் இரண்டு ஜன்னல்கள் திறந்து அப்போஸ்தலர்களின் உருவங்கள் வலம் வருகின்றன. ஓரத்தில் நிற்கும் எலும்புக்கூடு மணியடிக்கிறது, கடைசியில் சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூட்டம் உடனே கலைந்துவிட்டது. அதன் பிறகுதான் கடிகாரத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

உங்களிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மகள் ராசிச் சின்னங்களை எண்ணிப் பார்த்து, சூரியன் மகரத்தில் நிற்கிறது என்றாள். அம்மாவோ இப்போது மார்கழி, சூரியன் தனுசில்தான் இருக்கும், தை பிறந்தால்தான் மகரம் என்றார். இருவரும் விடவில்லை. யார் சொன்னது சரி?

பஞ்சாங்கம் எழுதியது:

இருவரும் சொன்னது சரி. பேத்திக்கு என் ஆசிகள். ஐரோப்பியர் கணக்கு சாயனம். பகலும் இரவும் சமமாகிற மார்ச் மாத நாளில் சூரியன் நிற்கும் புள்ளியையே மேஷத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அதன்படி டிசம்பர் 21, 22 வாக்கில் சூரியன் மகரத்தில் நுழைகிறது. நம்முடையது நிராயனம். விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறோம். அதன்படி ஜனவரி 14 வாக்கில்தான் மகர சங்கராந்தி. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டுக்கும் இடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது. இன்று அது ஏறத்தாழ 24 பாகை. அதையே அயனாம்சம் என்கிறோம். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்தன. அப்போது பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை வந்திருக்காது.

இன்னொன்றும் கவனித்தீர்களா? அந்தக் கடிகாரத்தின் வெளிவட்டம், பிராக் இருக்கும் போகேமியா பகுதியின் பழைய நேரத்தைக் காட்டுகிறது. சூரியன் மறைவதிலிருந்து 24 மணியை எண்ணுவார்கள். நாம் உதயத்திலிருந்து 60 நாழிகை எண்ணினோம். அந்த வட்டத்தைப் படம் எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள் தம்பி.

செங்காந்தள் எழுதியது:

எனக்கும் பதினொரு வயது மகள் இருக்கிறாள். யூதர் குடியிருப்பில் பின்காஸ் தொழுகைக் கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? விடுமுறையில், அதுவும் பண்டிகை நாளில், அவ்வளவு துயரத்தைக் காட்ட வேண்டுமா என்று கணவர் கேட்கிறார்.

மலைக்கோட்டை எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே விவாதம் நடந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை நான் மகளை மட்டும் அழைத்துப் போனேன். மனைவி மகனோடு வெளியே இருந்தாள். சனிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

உள்ளே வேறு ஒன்றும் இல்லை, சுவர்கள்தான். போகேமியா, மொராவியா பகுதிகளில் நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 78,000 யூதர்களின் பெயர்கள். ஊர் வாரியாக, குடும்பம் குடும்பமாக, கையால் எழுதியவை. குடும்பப் பெயர் சிவப்பில், ஆள் பெயரும் தேதிகளும் கருப்பில். 1968க்குப் பிறகு கூடம் மூடப்பட்டு அந்த எழுத்துகள் அழிந்துபோயின. 1990களில் மறுபடியும் முதலிலிருந்து எழுதினார்கள். மேல்மாடியில் நாஜிகளின் டெரெசீன் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த படங்கள். அவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ். 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்படும் முன் ஏறக்குறைய 4,500 ஓவியங்களைப் பெட்டிகளில் அடைத்துப் பத்திரப்படுத்திவிட்டுப் போனார்.

மகள் ஒரு பட்டாம்பூச்சிப் படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். வரைந்தவரின் பிறந்த ஆண்டை வைத்து வயதைக் கணக்கிட்டாள். எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடித்து நடந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். உங்கள் மகளை உங்களுக்குத்தான் தெரியும் சகோதரி. என்னைக் கேட்டால் அழைத்துப் போங்கள், ஆனால் முந்தின நாள் இரவே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

யாழ்ப்பறவை எழுதியது:

நான் அந்தச் சுவர்களுக்கு முன்னால் அழுதிருக்கிறேன். ஒரு பெயரையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள், அழிந்த பிறகு திரும்பவும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு சுவர் கிடைக்காதவர்களின் பெயர்களை மனதுக்குள் சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் அக்கா.

மொழிப்பித்தன் எழுதியது:

தமிழர்கள் பிராகுக்குப் போனால் நினைக்கவேண்டிய ஒருவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கமில் சுவெலபில். 1927இல் பிராகில் பிறந்தவர். சங்க இலக்கியம், சித்தர்கள், முருக வழிபாடு, நீலகிரிப் பழங்குடிகளின் மொழி என்று வாழ்நாள் முழுவதும் தமிழுக்கும் திராவிட மொழிகளுக்கும் உழைத்தவர். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். அந்தப் பல்கலைக்கழகத்தை 1348இல் நிறுவியவரும் பாலம் கட்டிய அதே நான்காம் சார்லஸ்தான். 1968இல் சோவியத் படை நுழைந்த பிறகு சுவெலபில் நாட்டைவிட்டு வெளியேறினார். 2009இல் பிரான்சில் காலமானார். அவருக்குப் பிறகும் யாரோஸ்லாவ் வாச்செக் போன்றவர்கள் அங்கே தமிழ் கற்பித்தார்கள். தேசிய நாடக அரங்குக்கு எதிரே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்தக் கரையில் நடந்துகொண்டு ஒருவர் குறுந்தொகை படித்திருப்பார் என்று நினைத்தேன், உடம்பு சிலிர்த்தது.

வெண்ணாறு எழுதியது:

அண்ணா, வியாழக்கிழமை என்ன நடந்தது என்று சொல்லாமலேயே போகிறீர்களே. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் படித்துக் காட்டுவது அவருக்கும் அப்பாவுக்கும்தான்.

மலைக்கோட்டை எழுதியது:

அதை எழுதக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

26 காலை அம்மா ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, மஞ்சள் பட்டுப்புடவை கட்டி, அதன் மேல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே இருட்டு. ஒன்பது மணிக்கு 22ஆம் எண் டிராம். இந்த முறை ஹெலிஹோவாவில் இறங்கினோம்.

ஆலயத்தில் நுழைந்ததும் பீடத்தை நோக்கி நேரே நடந்தார் அம்மா. சுரூபம் அங்கே இல்லை. வலப்பக்கச் சுவரையொட்டிய பளிங்குப் பீடத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 47 சென்டிமீட்டர் உயரம்தான். எங்கள் வீட்டுப் படத்தில் இருப்பதைவிடச் சற்றே பெரிது என்று சொல்லலாம். "இவ்வளவு சின்னவரா" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். கிறிஸ்துமஸ் காலம் என்பதால் வெள்ளையும் பொன்னுமாக அங்கி.

மரத்தின் மேல் மெழுகு பூசிய அந்தச் சுரூபம் ஸ்பெயினிலிருந்து வந்தது. பொலிக்சேனா என்ற பிரபுக் குடும்பத்துப் பெண் 1628இல் கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். 1631இல் சாக்சனிப் படை நகரைப் பிடித்தபோது ஆலயம் சூறையாடப்பட்டு, சுரூபம் கைகள் உடைந்து குப்பையோடு கிடந்தது. 1637இல் சிரில் என்ற துறவி தேடி எடுத்துப் பீடத்தில் வைத்தார். கைகள் பிறகுதான் சீராக்கப்பட்டன. இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அவர் அதன் பிறகு முகத்தைவிடக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவை எடுத்தார். உள்ளே மடித்த காகிதச் சீட்டுகள், பதினேழு. எங்கள் தெருக்காரர்கள் கொடுத்தனுப்பியவை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அதில் கிறிஸ்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. மாவு மில் அண்ணாச்சி, எதிர்வீட்டு மாமி, இஸ்திரி போடும் அக்கா. ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பெயரையும் விண்ணப்பத்தையும் வாய்க்குள் படித்து, மறுபடியும் அதே மடிப்பில் மடித்து வைத்தார். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகள் அலுத்துப்போவார்கள் என்று பயந்தேன். மனைவி அவர்களை மேல்மாடியில் உள்ள அங்கிகள் அறைக்கு அழைத்துப் போனாள். உலகின் பல நாடுகளிலிருந்து வந்த குட்டி அங்கிகள். பேரரசி மரியா தெரசா 1743இல் கொடுத்த பச்சை அங்கியும் உண்டு. மகன் கீழே வந்து, "பாட்டி, அவருக்கு என்னைவிட நிறையச் சட்டைகள்" என்றான்.

கடைசியில் அம்மா டப்பாவை மூடினார். உங்களுக்கு என்று என்ன கேட்டீர்கள் அம்மா என்றேன். "எனக்கு என்ன, நான்தான் வந்துவிட்டேனே" என்றார். படியில் இறங்கும்போது என் தோளைப் பிடிக்கவில்லை, தானே கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்.

வெண்ணாறு எழுதியது:

படித்து முடிக்கும் முன் அம்மா அழுதுவிட்டார். நாங்கள் இந்துக் குடும்பம். ஆனால் சேலத்தில் இருந்தபோது குழந்தை இயேசு பேராலயத்துக்கு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போவார். ஆகவே டிசம்பர் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. டிராமில் ஏற அப்பாவால் முடியுமா? ஆலயத்துக்கு நிறையப் படிகளா?

மலைக்கோட்டை எழுதியது:

22ஆம் எண்ணில் பெரும்பாலும் தாழ்தள டிராம்கள் ஓடுகின்றன, நிறுத்தத்துப் பலகையில் சக்கர நாற்காலிச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகை டிராமில் மூன்று உயரமான படிகள் உண்டு, அது வந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். ஆலய முகப்பில் சில படிகள் இருக்கின்றன. பனி பெய்த மறுநாள் வழுக்கும். ரப்பர் முனை வைத்த கைத்தடியை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே வாடகைக்கு எடுக்கும் வீடு லிஃப்ட் உள்ளதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் லிஃப்ட் முதல் மாடியிலிருந்துதான் தொடங்கியது.

அம்மா திருச்சிக்குத் திரும்பிவிட்டார். நேற்று போனில் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் பெயரை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். இந்த வியாழக்கிழமை நவநாளில் சேர்த்துக்கொள்வாராம்.